செக்ரோல் மென்பொருளும் மின்தராசும்: தோட்ட ஆபிசுக்கு வாங்கலாமா?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஆபிசில் எனக்குக் கிளாக்கர் வேலை. தொழிலாளிகளின் வேலை நாளையும் சம்பளத்தையும் எழுதும் செக்ரோல் புத்தகத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, ஒரு கம்பனியின் மென்பொருளுக்கும் அதோடு வரும் மின்தராசுக்கும் மாறிவிட்டோம். பக்கத்துத் தோட்டங்களில் "எப்படி, சரிவருதா?" என்று கேட்கிறார்கள்.

நாங்கள் ஆசைப்பட்டு மாறவில்லை. 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) விவரத்தை மின்னணு முறையில்தான் கொடுக்க வேண்டும். சம்பளத்தில் தோட்டம் கட்டுவது 12%, தொழிலாளி கட்டுவது 8%. அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டாவிட்டால் தண்டம் 5% இல் தொடங்கி 50% வரை ஏறும். முன்பெல்லாம் கையால் எழுதிய செக்ரோலைப் பார்த்து மறுபடியும் கம்பியூட்டரில் அடிப்போம். ஒரே கணக்குக்கு ரெண்டு வேலை. இப்போது ஈ.பி.எப். ஃபைலும் தோட்டம் கட்டும் 3% ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) கணக்கும் செக்ரோலில் இருந்தே வந்துவிடுகின்றன. 2024 செப்டெம்பரில் நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது போல இனி எது மாறினாலும், ஒரு இடத்தில் மாற்றினால் போதும்.

ஆனால் காசுக்குப் பெறுமதி ஆபிசில் இல்லை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் இருக்கிறது. சாக்கைத் தராசில் கொளுவி, தொழிலாளி தன் கார்டைக் காட்டினால் கிலோ தானாக ஏறும். சின்னப் பிரிண்டரில் இருந்து துண்டு வரும். சாக்குக்கும் ஈரத்துக்கும் வெட்டும் கழிவு அதில் தனி வரியாக நிற்கும். முன்பு மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கொப்பியில் போட்டதுதான் கிலோ. இப்போது மழை நாளில் எவ்வளவு கழிந்தது என்று தொழிலாளிகள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். கணக்கப்பிள்ளைமார் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அது அவர்கள் பாடு. நிறையைத் திருத்த முடியாது என்றில்லை. திருத்தினாலும் பழைய எண் அழியாது. யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது பக்கத்திலேயே பதிவாகும். தரச்சான்றுக்குச் சோதிக்க வந்தவர் முதலில் கேட்டதே அந்தப் பக்கத்தைத்தான்.

"கையெழுத்தே இல்லாத கணக்கு செல்லுமா?" என்று பெரிய கிளாக்கர் கடைசி வரை சந்தேகப்பட்டார். மின்னணுப் பதிவு என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தள்ளிவிட முடியாது என்று 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அடங்கினார்.

மலையில் சிக்னல் கிடையாது. பரவாயில்லை, கருவி தன்னிடமே சேர்த்து வைத்துக்கொண்டு ஆபிசுக்கு வந்ததும் இறக்கிவிடுகிறது.

வரவு பதிகிற விரல்ரேகை மிசினை மட்டும் வாங்காதீர்கள். கொழுந்துக் கறையும் தேய்ந்த தோலுமாக இருக்கிற விரலை அது எங்கே பிடிக்கப் போகிறது? "ஐயா, மிசின் என் வெரல புடிக்க மாட்டேங்குதுங்க" என்று பிரட்டு நேரத்தில் (காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் நேரம்) ஒரு வரிசையே நின்றது. கார்டுக்கு மாறிய பிறகுதான் அந்தத் தொல்லை விட்டது.

தமிழ் இன்னும் மோசம். சம்பளத் துண்டில் 'பொன்னம்மா' என்ற பேரில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். உதவிக்குப் போன் எடுத்தால் தமிழில் பேச ஆளில்லை. தோட்டத்துக்கு விற்கிற சாமானில் தமிழை யோசிக்கவே இல்லை என்றால் என்ன சொல்வது?

இன்னொன்று. அடையாள அட்டை எண்ணில் 9 இலக்கமும் எழுத்துமாகவோ, புதிய 12 இலக்கமாகவோ இல்லாவிட்டால் மென்பொருள் சிவப்பில் காட்டும். ஆனால் பேர் பிழையைப் பிடிக்காது. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பேர், அட்டையில் ஒரு பேர், ஈ.பி.எப். இல் இன்னொரு பேர் என்று இருப்பவர்கள் நம்மிடம் எத்தனை பேர்! பிழையான பேரை அப்படியே ஏற்றினால் ஓய்வு பெறும்போது சத்தியக் கடதாசியோடு அலைய வேண்டியது அவர்கள்தான். அதனால் டேட்டா ஏற்றும் முன்பே ஒவ்வொருவரையும் அட்டையோடு கூப்பிட்டு, பேரை வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள்; கம்பனிக்காரர் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள். வருடக் கட்டணத்தை நிறுத்தினால் பழைய செக்ரோலை எக்செலில் இறக்கித் தருவார்களா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.