மிட்வே கப்பல்: மேல்தளத்துக்கு ஓடாதீர்கள், கீழே நின்று பாருங்கள்

அமெரிக்காவின் சான் டியாகோ போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது யுஎஸ்எஸ் மிட்வே அருங்காட்சியகத்தைத்தான், அமெரிக்கக் கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பல் அது. முதல் முறை எல்லோரையும் போல விமானங்களோடு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். போன மாதம் அப்பாவோடு போனபோதுதான் கப்பலையே பார்த்தேன். அப்பா துறையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னடா, உடம்பு ஒல்லியா இருக்கு, தலை இவ்வளவு பெருசா இருக்கே?" என்றார்.

மிட்வேயின் கதையே அதுதான். 1945 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தபோது நேரான தளம், சுமார் 45,000 டன். ஜெட் விமானங்கள் வந்ததும் 1955-57இல் சாய்கோணத் தளம் போட்டார்கள், அதாவது விமானம் இறங்கும் பாதை கப்பலின் நீளத்துக்கு நேராக இல்லாமல் இடதுபக்கமாகக் கோணலாகப் போகும். அப்புறம் 1966 முதல் 1970 வரை மறுபடியும் பிரித்துக் கட்டினார்கள், 8.8 கோடி டாலரில் முடிப்பதாக ஆரம்பித்த வேலை 20.2 கோடியை விழுங்கியது, தளம் 2.82 ஏக்கரிலிருந்து 4.02 ஏக்கராக விரிந்தது. அடியில் இருந்த உடல் மட்டும் அதே பழைய உடல். பாரம் ஏற ஏறக் கப்பல் நீரில் இன்னும் ஆழமாக அமிழ்ந்தது, அலை மேலே ஏறிவர இடம் கொடுத்தது.

சரி, மிதப்பைக் கூட்டலாம் என்று 1986இல் ஜப்பானின் யோகோசுகாவில் வைத்து, கப்பலின் இரண்டு பக்கமும் நீர்மட்டத்தையொட்டி எஃகு அறைகளை உப்பலாகச் சேர்த்தார்கள். மிதப்பு கூடியது, ஆட்டமும் கூடியது! எனக்கு இது முதலில் புரியவே இல்லை. மேல்பாரம் மிகுந்த கப்பல் மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும், அது ஒருவகை ஆபத்து. நீர்மட்டத்தில் அகலம் கூடினாலோ நிமிர்த்தும் விசை கூடிவிடும், தட்டிவிட்ட தஞ்சாவூர் பொம்மை மாதிரி வெடுக்கென்று நிமிர்ந்து அதே வேகத்தில் மறுபக்கம் போகும். பொம்மைக்கு அது அழகு, விமானம் வந்து இறங்கவேண்டிய தளத்துக்கு அது ஆகாது. 1988 அக்டோபரில் ஜப்பான் கடலில் ஒரு சூறாவளியில் 26 டிகிரி சாய்ந்து நிமிர்ந்திருக்கிறது, 24 டிகிரிதான் தாங்கும் என்பது கணக்கு. அப்படியும் 1991 வளைகுடாப் போருக்குப் போய்விட்டு 1992இல்தான் ஓய்வு பெற்றது. ஓய்வு பெறும்போது எடை சுமார் 64,000 டன். எனக்கு அந்தக் கப்பல் மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது.

காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள், திறக்கும்போதே போய்விடுங்கள், அரை நாளாவது வேண்டும். ஆடியோ கருவி டிக்கெட்டோடு சேர்ந்தே கிடைக்கும், ஆனால் அங்கங்கே நிற்கும் தன்னார்வலர்களிடம் பேசுவதை விட்டுவிடாதீர்கள், பலர் கடற்படையில் இருந்தவர்கள். நாங்கள் கப்பல் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதும் ஒரு பெரியவர் தன் உள்ளங்கையையே தளமாக்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டிக் காட்டினார், அப்பாவுக்கு அதற்கப்புறம் வேறு விளக்கமே தேவைப்படவில்லை. இஞ்சின் அறைக்கு இறங்கும் ஏணிப்படிகள் செங்குத்தானவை, வாசல்படிகள் முழங்கால் உயரத்துக்கு இருக்கும், மூட்டுவலி உள்ளவர்கள் விமானக் கூடத்தோடும் மேல்தளத்தோடும் நிறுத்திக்கொள்ளலாம், அதற்கே கொடுத்த காசு தகும்.

மேல்தளத்துக்குப் போனால் இடதுபக்க விளிம்புக்கு நடந்து போங்கள். அப்பா அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கீழே கப்பலின் உடம்பே தெரியவில்லை, வெறும் தண்ணீர்தான்.