தோண்டக் கூடாத இடத்தில் டிடெக்டர்: எந்த வழி யாருக்கு ஒத்துவரும்?

மெட்டல் டிடெக்டர் வாங்கியவர்கள் எல்லோரும் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் ஒரு சுவர் உண்டு. பெரிய பூங்கா, தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் உட்கார்ந்து எழுந்து போன புல்தரை. காசும் மோதிரமும் விழாமலா இருக்கும்? ஆனால் வாசலில் பலகை: தரையைத் தோண்டக் கூடாது.

இதற்கு மேல் வழிகள் சில இருக்கின்றன. தோண்டாமலே மேலாக எடுப்பது, அனுமதி வாங்கித் தோண்டுவது, கடற்கரைக்குப் போய்விடுவது, தனியார் நிலம் தேடுவது. ஒவ்வொன்றுக்கும் கொடி பிடிக்க ஆள் இருக்கிறார்கள். என் கணக்கில் இதை முடிவு செய்வது உங்கள் டிடெக்டர் அல்ல, அந்தத் தடைக்குப் பின்னால் இருக்கும் காரணம். புல்லைக் காப்பாற்றப் போட்ட தடையா, பூமிக்குள் இருக்கும் வரலாற்றைக் காப்பாற்றப் போட்ட தடையா? முதலாவதென்றால் பேசிப் பார்க்கலாம், கருவியை மாற்றலாம், ஆழத்தைக் குறைக்கலாம். இரண்டாவதென்றால் இடத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

புல்லா, வரலாறா?

'தோண்டத் தடை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே தவிர, விதிகள் நாலு தனித்தனிக் காரியங்களைத் தடுக்கின்றன. கருவியை வைத்திருப்பது, அதை ஓட்டித் தேடுவது, மண்ணைக் கிளறுவது, கிடைத்ததை எடுத்துக்கொண்டு போவது.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்களில் கருவியை வைத்திருப்பதே குற்றம். கழற்றி, உடனே பயன்படுத்த முடியாதபடி கட்டி வைத்திருந்தால்தான் வண்டியில்கூட இருக்கலாம். அதே நாட்டில் ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் உள்ள நீர்த்தேக்கங்களில், குளிப்பதற்கென்று ஒதுக்கிய கரைகளிலும் ஏற்கெனவே கிளறிப்போட்ட இடங்களிலும் டிடெக்டர் ஓட்டலாம், வட்டார அதிகாரி தனியாகத் தடை போடாதவரை. தேசியக் காடுகளில் இந்தக் காலத்துக் காசையும் தொலைந்த மோதிரத்தையும் தேடலாம். ஆனால் 100 வருடம் தாண்டிய தொல்பொருளை எடுத்தால் 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் பாயும். நாடு ஒன்றுதான், பலகைக்குப் பலகை அர்த்தம் வேறு.

பிரிட்டனில் பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் டிடெக்டரை ஓட்டுவதே குற்றம், ஒரு பிடி மண் எடுக்காவிட்டாலும். அயர்லாந்து இன்னும் ஒரு படி மேலே. 1980-ல் டிடெக்டர் வைத்திருந்தவர்களிடம் டெரினஃப்ளான் புதையல் சிக்கியது. அதையொட்டி எழுந்த வழக்குகளுக்குப் பிறகு 1987-ல் சட்டம் இறுகியது. அங்கே தொல்பொருள் தேடி டிடெக்டர் ஓட்ட, எந்த நிலமானாலும் அரசின் ஒப்புதல் வேண்டும்.

இப்படிப்பட்ட இடங்களில் 'நான் தோண்டவில்லை, சும்மா சத்தம்தான் கேட்டுப் பார்த்தேன்' என்ற பேச்சு எடுபடாது. ஆகவே இனி வரும் முதல் இரண்டு வழிகளும் புல்லுக்காகத் தடை போட்ட இடங்களுக்கு மட்டும்தான்.

ஸ்க்ரூடிரைவரும் கொத்துக்கரண்டியும்

புல்தரைக்குள் போவதற்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு பாணிகள் உண்டு. ஒன்று, மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுப்பது. மற்றொன்று, கூரான கொத்துக்கரண்டியால் புல்கட்டியை வெட்டித் திறப்பது.

ஸ்க்ரூடிரைவர் பாணி இப்படித்தான். டிடெக்டரின் அடியில் இருக்கும் தேடும் தட்டான காயிலை முதலில் குறுக்காக ஓட்டி, அப்புறம் தொண்ணூறு டிகிரி திரும்பி நெடுக்காக ஓட்டுகிறீர்கள். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பொருள். பொருள் கிடக்கும் புள்ளியைக் காட்டும் கையடக்கக் கருவியான பின்பாயிண்டரைப் புல்லின் மேல் வைத்தாலே அது அலறினால், பொருள் மேலாகக் கிடக்கிறது என்று அர்த்தம். முனை தேய்த்து மழுக்கிய ஸ்க்ரூடிரைவரை நேராக இறக்கி, காசைத் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சாய்த்து அதற்குக் கீழே கொண்டுபோய் நெம்ப வேண்டும். புல் ஒரு விரற்கடை அளவு பிளந்து காசு மேலே வரும். பிளவைக் கட்டைவிரலால் சேர்த்து அழுத்திவிட்டால் அடுத்த நிமிடம் அந்த இடம் உங்களுக்கே தெரியாது. மழுங்கிய முனை ஏன் என்றால், கூர்முனை வெள்ளிக் காசில் ஒரு கோடு இழுத்தாலே அதன் மதிப்பு போய்விடும். பித்தளைக் கம்பி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

இதன் எல்லை சுமார் ஐந்து சென்டிமீட்டர். அதற்குக் கீழே நெம்பினால் வேர் கிழியும், பிளவு பெரிதாகும், கடைசியில் வெட்டியதைவிட அசிங்கமாக இருக்கும்.

கொத்துக்கரண்டிக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பழைய காசு ஐந்து சென்டிமீட்டரில் கிடைக்காது. ஒரு சாதாரண வி.எல்.எஃப் (மிகத் தாழ்ந்த அலைவரிசையில் ஓடும்) டிடெக்டர் காசளவுப் பொருளை 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை கேட்கும்போது, மேல்தோலோடு நின்றுவிடுவது வீண்தானே? அவர்கள் முறை நேர்த்தியானதுதான். லாட வடிவில் மூன்று பக்கம் வெட்டுவார்கள், நாலாவது பக்கத்தை வேரோடு விட்டு, புல்கட்டியைக் கதவுபோல் மடிப்பார்கள். உதிர் மண் முழுவதும் ஒரு துணியில் விழும். பொருளை எடுத்ததும் துணி மண்ணைத் திரும்பக் கொட்டி, கதவைச் சாத்தி, மிதித்து, தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது.

ஈரமான பருவத்தில் இது அப்பழுக்கில்லாத வேலை. வறண்ட வெயில் காலத்தில்தான் வினை. வெட்டிய புல்கட்டியின் வேர்கள் கீழ்மண்ணோடு தொடர்பு அறுந்து காய்ந்துபோகும். பத்துப் பதினைந்து நாளில் புல்தரை முழுக்கக் காய்ந்த வட்டங்கள் தெரியும். வெட்டியவர் அதைப் பார்ப்பதே இல்லை, அவர் அடுத்த பூங்காவுக்குப் போயிருப்பார். பார்ப்பவர் தோட்டப் பராமரிப்பாளர். தடைப் பலகைகள் முளைக்கும் விதம் பெரும்பாலும் இதுதான். இன்னொரு காரணம் தரைக்குக் கீழே ஓடும் பாசனக் குழாயும் மின்கம்பியும். ஸ்க்ரூடிரைவருக்கு அது எட்டாது. கொத்துக்கரண்டிக்கு எட்டும்.

ஆழத்தில் கொத்துக்கரண்டி ஜெயிக்கிறது, மற்ற எல்லாவற்றிலும் ஸ்க்ரூடிரைவர். தோண்டத் தடை உள்ள பூங்காவில் பொறுப்பாளரிடம் போய், 'வெட்ட மாட்டேன், நெம்பி மட்டும் எடுக்கிறேன், இதோ கருவி' என்று கையில் காட்டிக் கேட்டால், சரி என்று சொல்லும் வாய்ப்பு கூடும். கேட்காமல் செய்தால் அதுவும் தோண்டுவதுதான், சில விதிகள் 'மண்ணைக் கிளறுதல்' என்றே எழுதியிருக்கின்றன.

மேலாக எடுப்பவர்களுக்குக் காதுதான் முக்கியம். எல்லாச் சிக்னலையும் கிளற முடியாது, ஆகவே கிளறுவதற்கு முன்பே குப்பையைக் கழிக்கத் தெரிய வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து ஓட்டினால் நல்ல சத்தம், திரும்பி நின்று ஓட்டினால் உடைந்த சத்தம் என்றால் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணி. காயிலைத் தரையிலிருந்து மெல்ல உயர்த்திப் பாருங்கள். ஒரு சாண் உயர்ந்தும் சத்தம் விடாப்பிடியாக, அகலமாகக் கேட்டால் கீழே நசுங்கிய பானக் கேன். டிடெக்டரின் ஆழக் கணக்கு காசளவை வைத்துப் போட்டது என்பதால், ஆழத்தில் கிடக்கும் கேனை அது மேலே கிடக்கும் காசு என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் கேன் மூடியின் இழுப்பு வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் டிடெக்டரின் திரையில் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். அதைப் பிரித்துச் சொல்ல இன்றுவரை எந்தத் திரைக்கும் வழியில்லை, விளம்பரம் என்ன சொன்னாலும்.

அனுமதி வாங்கித் தோண்டுவது

சில ஊராட்சிகளும் பூங்கா நிர்வாகங்களும் அனுமதிச் சீட்டு தருகின்றன, கருவியின் நீளத்துக்கும் குழியின் ஆழத்துக்கும் வரம்பு போட்டு. லண்டன் தேம்ஸ் நதிக்கரை இதற்கு நல்ல உதாரணம். அங்கே நீர் வற்றும் நேரத்தில் கரையில் எதைத் தேடுவதானாலும் துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும். சாதாரண அனுமதி என்று நெடுங்காலம் தந்தது 7.5 சென்டிமீட்டர் ஆழம் வரைதான். முறைப்படி அனுமதி வாங்கியும் கிடைப்பது கிட்டத்தட்ட ஸ்க்ரூடிரைவர் ஆழம்தான் என்பதைக் கவனியுங்கள்.

இந்த வழியின் பலவீனம் காத்திருப்பு. பலம், கையில் ஒரு தாள் இருப்பது. யாராவது வந்து கேட்டால் விவாதம் ஒரு நிமிடத்தில் முடியும். விண்ணப்பத்தில் 'புதையல்' என்ற சொல்லே வரக் கூடாது என்பேன். படிக்கிற அதிகாரி மனதில் உடனே மண்வெட்டிதான் தோன்றும். எந்தப் பகுதி, எந்த மாதங்கள், எந்தக் கருவி, எத்தனை சென்டிமீட்டர், வறட்சியில் வர மாட்டேன், கிடைக்கும் குப்பையை எல்லாம் நானே எடுத்துப்போவேன்: இவ்வளவு போதும். கடைசி வரிக்கு இருக்கும் மதிப்பைக் குறைவாக எடைபோடாதீர்கள். ஒரு காலைப்பொழுதில் சேரும் ஆணியும் கேன் துண்டும் உடைந்த உலோக முனைகளும் ஒரு பையளவு இருக்கும், அந்தப் பையை நேரில் கொண்டுபோய்க் காட்டினால் அடுத்த அனுமதி சுலபம்.

கடற்கரை

குழி தோண்டினால் அலையே மூடிவிடும் இடத்தில் புல்லைப் பற்றிய சண்டை இல்லை. இங்கிலாந்தில் அரச உடைமை வாரியத்தின் பொறுப்பிலுள்ள கடலோர அலைப்பரப்பில் தனி அனுமதிச் சீட்டு இல்லாமலே தேடலாம். பாதுகாக்கப்பட்ட இடங்கள் விதிவிலக்கு. மற்ற நாடுகளில் அந்தந்தக் கரையின் விதியைப் பார்க்க வேண்டும். கடற்கரை எல்லாம் பொது என்று நினைத்துக்கொண்டு போய் மாட்டியவர்கள் உண்டு.

பூங்காவோடு ஒப்பிட்டால் இங்கே சிக்கல் விதியில் இல்லை, உப்பில்தான். காய்ந்த மணலில் எந்த வி.எல்.எஃப் கருவியும் ஒழுங்காக ஓடும். அலை நனைத்த மணலில் உப்புத் தண்ணீரே மின்சாரம் கடத்துவதால், ஒற்றை அலைவரிசைக் கருவி தரையையே உலோகம் என்று நினைத்துக் கத்தும். பல அலைவரிசைக் கருவி இதைச் சமாளிக்கும். பல்ஸ் இண்டக்‌ஷன் என்ற, விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரம் செலுத்தித் தேடும் கருவி உப்பைப் பொருட்படுத்தாமல் ஆழமாகப் போகும், ஆனால் ஆணிக்கும் மோதிரத்துக்கும் வித்தியாசம் சொல்லாது. எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். தோண்டலாம் என்ற சுதந்திரம் உள்ள மணலில் அது பாரமில்லை. அதே கருவியைப் பூங்காவுக்குக் கொண்டுபோனால் பெரிய தப்பு.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது காய்ந்த மணலைத்தான். காதும் கையும் பழகும், யாருடைய புல்லும் சாகாது. மேல்மணலில் நீங்கள் விட்ட குழியை மட்டும் மூடிவிட்டுப் போங்கள், ஓடிவரும் குழந்தையின் கால் அதில்தான் மாட்டும்.

தனியார் நிலம்

பழைய காசு மேல் ஆசை உள்ளவர்களுக்கு இதற்கு நிகர் கிடையாது. உழுத வயலில் மேல்மண் பல முறை புரண்டதுதான், கீழே கலையாத அடுக்கைத் தொடாமல் தேட முடியும். 2009-ல் கிடைத்த ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையல் இப்படி ஒரு வயலில், விவசாயியின் அனுமதியோடு தேடியவருக்குக் கிடைத்ததுதான்: ஆங்கிலோ-சாக்சன் காலத்தின் சுமார் 4 கிலோ தங்கம். மதிப்பீடு 32.85 லட்சம் பவுண்டு, கண்டவருக்கும் நில உரிமையாளருக்கும் சரிபாதி.

ஆனால் நிலக்காரர் சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரி என்று ஆகாது. பிரான்ஸில் தொல்பொருள் தேட அரசு நிர்வாகியின் அனுமதியும் வேண்டும், ஸ்வீடனில் டிடெக்டர் பயன்படுத்தவே மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 வருடம் கடந்து 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ கலந்த பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானம் என்றால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். நிலக்காரரோடு பாகம் பிரிப்பதை, காயிலைத் தரையில் வைப்பதற்கு முன்பே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிடைத்த பிறகு பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

மீதி இரண்டு

'காந்தம் போட்டு மீன்பிடிப்பது', அதாவது கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தண்ணீரில் இறக்கி உலோகப் பொருளை இழுப்பது, விதிக்குள் வராது என்று ஒரு நம்பிக்கை சுற்றி வருகிறது. பிரிட்டனில் கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை தன் நீர்வழிகளில் அதைத் தடை செய்திருக்கிறது. வரலாற்று ஆர்வமெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வருவது வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம்.

அப்புறம் விடியும் முன் போய்த் தோண்டிவிட்டு வருவது. 2015-ல் ஹெர்ஃபோர்ட்ஷயரில் வைகிங் காலப் புதையலைக் கண்டெடுத்த இருவர் அதை அறிவிக்காமல் விற்கத் தொடங்கினார்கள். 2019-ல் சிறைக்குப் போனார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று கருதப்பட்டதில் 31 மட்டுமே மீட்கப்பட்டன. முறைப்படி சொல்லியிருந்தால் பரிசுத்தொகையில் பெரிய பங்கே வந்திருக்கும். பூங்காவில் ஒரு காசுக்காக இதைச் செய்கிறவருக்குச் சிறை வராமல் போகலாம். அவர் விட்டுப்போகும் காய்ந்த வட்டத்தைக் காட்டித்தான் அடுத்தவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவார்கள்.

ஆகவே என் வரிசை: தொடங்குகிறவருக்குக் காய்ந்த மணல். பூங்காவை விட்டு நகர முடியாதவருக்கு, கேட்டு வாங்கிய சம்மதத்தோடு ஸ்க்ரூடிரைவர். பொறுமை உள்ளவருக்கு உழுத வயல். கொத்துக்கரண்டியும் அனுமதிச் சீட்டும் சேர்ந்த வழியை மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும் மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம், சீட்டு வந்துசேரவும் அவ்வளவு நாள் ஆகும்.