பிராய்லர் தராசும் ரேஸ் டிரெய்லரும்: ஆறு வருட அனுபவம்

பல்லடத்தில் எங்கள் வீட்டிலிருந்து செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தடம் சுமார் 30 கிலோமீட்டர். "இந்தத் தூரத்துக்கு ஒரு டிரெய்லரா, மாப்பிள்ளை?" என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் பந்தயக் காரான மாருதி எஸ்டீமுக்கு முன்விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, சைலன்சர் என்ற பெயரில் ஒரு குழாய் மட்டும் இருக்கிறது. சாலையில் இறக்கினால் முதல் முக்கிலேயே சாவியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஓட்டுவது என் மச்சினன். வண்டியை மேய்ப்பது நான். 2019 வரை ஒவ்வொரு பந்தயத்துக்கும் வாடகை ரெக்கவரி வண்டிதான். செட்டிபாளையத்துக்கு அது கட்டுப்படியாகும். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போய்வர ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர், அதோடு மூன்று நாள் காத்திருப்புக் கூலி. இரண்டு சீசன் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்த அன்றுதான் சொந்த டிரெய்லர் என்று முடிவெடுத்தேன்.

மூடிய டிரெய்லர் வேண்டும் என்றான் மச்சினன். மழை படாது, தூசி படாது, கருவிகளைப் பூட்டி வைக்கலாம். எல்லாம் சரி. ஆனால் நாங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே. கேத்தனூர்ப் பக்கம் இத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஆடி மாதத்தில் உடுமலைச் சாலையில் தெற்கே போகும்போது மேற்கிலிருந்து வரும் காற்று காலி லாரியையே ஓரம் தள்ளும். ஆளுயரப் பெட்டியை எங்கள் பொலேரோ கேம்பர் பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு அந்தக் காற்றில் போக எனக்குத் தைரியம் இல்லை. திறந்த டிரெய்லரில் இன்னொரு வசதியும் உண்டு: கட்டிய பெல்ட் தளர்ந்தால் கண்ணாடியிலேயே தெரியும்.

அடுத்தது ஒற்றை அச்சா, இரட்டை அச்சா என்ற கேள்வி. ஒற்றை அச்சு மலிவு, எடை குறைவு, தனியாளாகத் தள்ளித் திருப்பலாம். ஆனாலும் டயர் கணக்கு இடித்தது. டிரெய்லர் 490 கிலோ, கார் 850, முன்பெட்டியில் இருக்கும் ஜாக்கியும் பெட்ரோல் கேனும் கொஞ்சம். ஆக மொத்தம் 1,350 கிலோவுக்கு மேல். இழுக்கும் வண்டியின் கொக்கியில் அமரும் பங்கைக் கழித்தாலும் 1,200 கிலோவுக்குக் குறையாமல் சக்கரங்களில் நிற்கும். 175/70 ஆர் 13 டயரின் பக்கவாட்டில் 82 என்று போட்டிருந்தால் அது தாங்குவது 475 கிலோ. இரண்டு டயருக்கு 950. ஒற்றை அச்சு என்றால் முதல் நாளே அளவுக்கு மீறிய பாரம். இரட்டை அச்சில் நான்கு டயர், 1,900 கிலோ. அதற்கு மேல் விவாதிக்க ஒன்றுமில்லை. இரட்டை அச்சின் தொல்லையும் தெரிந்ததுதான்: பேடாக்கில், அதாவது பந்தயத் தடத்தில் கார்களை நிறுத்தும் இடத்தில், கொக்கியைக் கழற்றிவிட்டால் நான்கு பேர் தள்ளினாலும் திரும்பாது, ஒடித்துத் திருப்பும் இடங்களில் டயர் தரையைத் தேய்க்கும்.

ஒரு காரியம் மட்டும் முன்யோசனையோடு செய்தேன். டிரெய்லர் சக்கரத்தின் போல்ட் அமைப்பு எஸ்டீமுடையதாகவே இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். பந்தயக் காரின் பழைய சக்கரம் எதுவானாலும் டிரெய்லருக்கு ஸ்டெப்னிதான்.

வாங்கியது நாமக்கல் பக்கம் பாடி கட்டும் ஒரு நிறுவனத்தில். பெயர் வேண்டாம், குறைகளும் சொல்லப் போகிறேன். விலை பிரேக்குடன் சேர்த்து 2,60,000 ரூபாய். நம் ஊரில் டிராக்டர் டிரெய்லர் அடிக்கும் பட்டறைகளில் இதில் பாதிக்கே செய்து தருவார்கள். ஆனால் டிரெய்லரும் சட்டப்படி ஒரு வண்டி. அதற்கெனத் தனிப் பதிவு வேண்டும். பதிவுக்கான ஒப்புதல் ஆவணங்கள் கையில் இல்லாத இடத்தில் முன்பணம் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு பலருக்குத் தெரிவதில்லை: டிரெய்லரின் சொந்த எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும், இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் பின்புறத்தில் இருக்க வேண்டும். நான் முதலில் மாற்றி எழுதிவைத்து, சோதனையில் அரை மணி நேரம் நின்றேன்.

முதல் நெடும்பயணத்தில் உயிர் போய் வந்தது. பெருந்துறை தாண்டி 80 கிலோமீட்டர் வேகம். ஒரு பஸ் முந்திப் போனது. அந்தக் காற்றில் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதல் ஆட்டம் சிறியது, இரண்டாவது பெரியது, மூன்றாவதில் பொலேரோவின் பின்பகுதியே கூடச் சேர்ந்து ஆடியது. பிரேக்கை மிதிக்கத்தான் கால் போகும். மிதித்தால் டிரெய்லர் மடங்கிவிடும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். 50-க்கு வந்ததும் அடங்கியது.

காரணம் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் புரிந்தது. காரை ஏற்றும் சாய்தளமான ராம்ப்பை மடக்க வசதியாக இருக்கட்டும் என்று காரை நடுவில் நிறுத்தியிருந்தேன். பாரம் பின்னால் போய், கொக்கியில் எடை இல்லாமல் ஆகிவிட்டது. அதை அளக்க என்ன வழி? பல்லடத்துக்காரனுக்கா தராசு கிடைக்காது! பக்கத்துத் தோட்டத்தில் பிராய்லர் கோழி எடை போடும் மேடைத் தராசை வாங்கி வந்து, சமதரையில், கொக்கி இருக்கும் உயரத்துக்குக் கட்டை அடுக்கி, டிரெய்லரின் மூக்கை அதன்மேல் இறக்கினேன். 45 கிலோ காட்டியது. மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மூக்கில் அமர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. என்னிடம் அதில் மூன்றில் ஒன்றுதான் இருந்தது. காரை ஓர் அடி முன்னே நகர்த்தினேன். தராசு 120-க்குத் தாவியது. ஓர் அடிக்கு 75 கிலோ! அந்த இடத்திலேயே முன்சக்கரத்துக்கு ஒரு தடைக்கட்டையை போல்ட் போட்டுப் பொருத்திவிட்டேன். மச்சினன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றினாலும் கார் அங்கேதான் நிற்கும். அதற்குப் பிறகு ஆறு வருடத்தில் ஒருமுறைகூட வால் ஆடவில்லை. இருந்தும் 70-ஐத் தாண்டுவதில்லை. அது பயத்தின் மிச்சம்.

பிரேக் ஓவர்ரன் வகை. முன்வண்டி வேகம் குறைந்தால் டிரெய்லர் அதை முட்டும். அந்த முட்டலில் கொக்கித் தண்டு உள்ளே நகர்ந்து கேபிளை இழுத்து டிரம் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். மின்சாரம் வேண்டாம், எளிமையான ஏற்பாடு. சமவெளியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிருஷ்ணகிரி வழியாகத் திரும்பும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில்தான் அதன் சாயம் வெளுக்கும். இறக்கம் முழுக்க டிரெய்லர் முட்டிக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் பிடித்தபடியே இருக்கும். முதல்முறை கீழே வந்து நின்றபோது சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பில் கை வைக்க முடியவில்லை, கருகிய வாடை. இப்போது மேலேயே மூன்றாவது கியருக்கு மாற்றி, லாரிகளின் பின்னால் பொறுமையாக இறங்குகிறேன். நேரம் இருந்தால் உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர் வழியாக சேலம் வந்துவிடுவேன், கணவாயே இல்லை. இன்னொன்று, மேட்டில் ரிவர்ஸ் எடுத்தாலும் இதே பிரேக் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் பூட்டுத் தகட்டைப் போட மறந்து கிளட்ச்சைத் தீய்த்த புண்ணியவான் நான்தான்.

காரைக் கட்டுவதில் இரண்டு கட்சி உண்டு. காரின் அடிச்சட்டமான சேஸியைக் கட்டு என்பார்கள் சிலர். நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். பள்ளத்தில் இறங்கும்போது கார் தன் ஸ்பிரிங்கில் அமுங்கும், பெல்ட் தளரும், அதன் கொக்கி கழன்று தொங்கும். இப்போது நான்கு சக்கரங்களையும் டயரைச் சுற்றிய பெல்ட்டால் டிரெய்லர் தளத்தோடு இறுக்குகிறேன். மேலே உடல் எவ்வளவு ஆடினாலும் கட்டு தளராது. பெல்ட் பிரேக் ஹோஸின் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளம்பி 20 கிலோமீட்டரில் ஒரு டீ, கூடவே மறுபடி ஓர் இறுக்கு.

ராம்ப் பற்றி நிறுவனத்தாரிடம் எனக்கு வருத்தம் உண்டு. 55 சென்டிமீட்டர் உயரத் தளத்துக்கு ஐந்தடி ராம்ப் கொடுத்தார்கள். 20 டிகிரிக்கு மேல் சாய்வு. தாழ்த்திய எஸ்டீமின் மூக்கு முதல் நாளே உரசியது. எட்டடிக்கு மாற்றிய பிறகு 13 டிகிரி, உரசல் இல்லை. ஏற்றும்போது டிரெய்லரின் பின்மூலைகளுக்குக் கீழே முட்டுக்கால் கொடுக்காவிட்டால், கார் ஏறும் கணத்தில் பொலேரோவின் பின்சக்கரம் அந்தரத்தில் எழும்பும். பார்க்க வேடிக்கை, அனுபவிக்க அல்ல.

நான்காம் வருடம் ஆம்பூருக்கு முன்னால் ஒரு வீல் பேரிங் இறுகிவிட்டது. தவறு என்னுடையது, அந்த வருடம் கிரீஸ் மாற்றவில்லை. மாருதி அளவு பேரிங் என்பதால் ஊரின் முதல் ஸ்பேர் கடையிலேயே கிடைத்தது. மாட்டும் நேரத்தில் பிரியாணி சாப்பிட்டோம். மச்சினன் அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அந்த ஊர் வந்ததும் பேரிங்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறான்.

மின்விளக்கு இணைப்பான் மூன்றாம் மாதமே தண்ணீர் புகுந்து பச்சை பிடித்தது. நல்ல தரத்தில் வேறொன்று போட்டேன். ராம்ப் கீலின் ஓரத்திலும் செக்கர் பிளேட்டின் அடியிலும் துரு. வருடம் ஒருமுறை சுரண்டி பிரைமர் அடிக்கிறேன். மழைக்குத் தார்ப்பாய் கட்டிப் பார்த்தேன். அது காற்றில் படபடத்து ரூஃப் பெயின்டையே தேய்த்துவிட்டது. இப்போது ஜன்னல்களை மட்டும் அடைத்துவிட்டு நனைய விடுகிறேன். டீக்கடையில் நிறுத்தினால் கேள்வி மாறாது: "எங்கே அடிபட்டதுங்க?" பதில் சொல்லி அலுத்து, "சேலத்துக்கு அந்தப் பக்கம்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

கேள்வி கேட்ட மாமனார் போன வாரம் இதே டிரெய்லரில் பவர் டில்லரை ஏற்றிக்கொண்டு பொங்கலூர் போய்வந்தார். பெல்ட்டுகளில் ஒன்று குறைகிறது. அவரிடம் இன்னும் கேட்கவில்லை.