ஜென்கெட்ஆப்ட்: அழிந்துபோன 'இஃப்' வரிகள்

சி மொழியில் எழுதிய கோப்பு மாற்றும் கருவி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அதன் கட்டளைவரி ஆப்ஷன்களை, அதாவது கட்டளையோடு சேர்த்துப் பயனர் தட்டச்சும் தேர்வுகளை, பிரித்துப் படிக்கும் நிரலை நான் எழுதுவதில்லை. குனு ஜென்கெட்ஆப்ட் என்ற கட்டற்ற மென்பொருள் எழுதித் தருகிறது. ஆப்ஷன்களை ஒரு சிறிய வரையறைக் கோப்பில் எழுதிக் கொடுத்தால் ஒரு சி கோப்பும் ஒரு ஹெடர் கோப்பும் கிடைக்கின்றன. உதவித் திரையின் வாசகமும் அதிலிருந்தே வருவதால், புது ஆப்ஷனைச் சேர்த்துவிட்டு உதவியில் குறிப்பிட மறக்கும் என் பழைய வியாதி ஒழிந்தது.

நெடுங்காலம் இவ்வளவோடு நின்றிருந்தேன். சேரக்கூடாத ஆப்ஷன்களையும், ஒன்றிருந்தால்தான் மற்றொன்று செல்லும் என்ற நிபந்தனைகளையும் என் நிரலில் 'இஃப்' (இப்படி இருந்தால் என்று சோதிக்கும் வரி) மேல் 'இஃப்' அடுக்கிச் சமாளித்தேன். 2.23ஆம் பதிப்புக்கு மாறியபோதுதான் அவற்றை வரையறைக் கோப்புக்குக் கொண்டுபோனேன். ஒரு குழுவில் வைத்த ஆப்ஷன்களில் ஒன்றை மட்டுமே கொடுக்கலாம். குழுவையே கட்டாயமாக்கினால் ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும். 'டிபெண்ட்ஆன்' என்று குறித்தால் சார்பு நிபந்தனையும் முடிந்தது. பலமுறை வரும் ஆப்ஷனுக்கு 2 முதல் 4 முறை என்று எண்ணிக்கை வரம்பும் இடலாம். இரண்டு திரை நீளத்துக்கு இருந்த சோதனைகளை அழித்த அன்று எனக்கு உண்மையிலேயே பசி எடுத்தது.

அனுமதித்த மதிப்புகளைப் பட்டியலிடும் வசதியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். குழப்பம் இல்லாதவரை மதிப்பின் முதல் எழுத்துகளே போதும் என்று அது ஏற்றுக்கொள்கிறது. ஜேசன் வடிவத்துக்கு வெறும் 'ஜே' என்று ஸ்கிரிப்டில் எழுதி வைத்தவருக்கு, நாளை நான் ஜேபெக்கைச் சேர்த்தால் பிழைச்செய்திதான் மிஞ்சும். முழுப்பெயரையே எழுதச் சொல்லி உதவியில் ஒரு வரி போட்டுவிட்டேன்.

பயனர் தன் வழக்கமான ஆப்ஷன்களை எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பையும் அதே வரையறையால் படிக்கலாம். இங்கே நான் ஒரு மாலையைத் தொலைத்தேன். கட்டளைவரியைப் படித்தபின் அமைப்புக் கோப்பைப் படிக்கும்போது 'இனிஷியலைஸ்' என்ற அளவுருவைப் பூஜ்யமாக்க வேண்டும், மறந்தேன். முதலில் வாங்கிய மதிப்புகளெல்லாம் துடைத்தெறியப்பட்டன. 'ஓவர்ரைடு' அளவுருவும் பூஜ்யமாக இருந்தால்தான் கட்டளைவரியில் தந்தது நிலைக்கும். கட்டாய ஆப்ஷன் அமைப்புக் கோப்பில் மட்டும் இருக்கக்கூடும் என்பதால், கட்டளைவரியைப் படிக்கும் முதல் சுற்றில், கட்டாய ஆப்ஷன் உள்ளதா என்ற சோதனையையும் நிறுத்திவைக்க வேண்டும்.

முழு எண்ணை ஏற்கும் ஓர் ஆப்ஷனுக்கு மதிப்பு 1 முதல் 64 வரை என்ற வரம்பை இன்னும் என் நிரலில்தான் சோதிக்கிறேன். அந்த ஒரு 'இஃப்' அப்படியே இருக்கிறது.