கர்லிங்: புள்ளி வழியா, கடைசித் தகுதிச் சுற்றா?

கபடி பேசியே வளர்ந்த பாளையங்கோட்டைப் பையன்கள் குளிர்கால ஒலிம்பிக் வந்தால் போனில் கர்லிங் பார்க்கிறார்கள். இருபது கிலோ கிரானைட் கல்லை ஐஸில் வழுக்கவிட, முன்னால் ரெண்டு பேர் பிரஷ்ஷால் தேய்த்தபடி ஓடுவார்கள். "அண்ணாச்சி, ஒலிம்பிக் போக எந்த வழி நல்லது?" என்று கேட்டார்கள்.

சரி, 2026 மிலான்-கோர்ட்டினாவையே எடுப்போம். ஆண்கள், பெண்கள் தலா 10 அணி. போட்டியை நடத்தும் இத்தாலிக்கு நேரடி இடம். மீதி இடத்துக்கு ரெண்டு வழி: உலக சாம்பியன்ஷிப்பில் சேர்க்கும் புள்ளி, இல்லாவிட்டால் அதில் இடம் கிடைக்காதவர்கள் மோதும் கடைசித் தகுதிச் சுற்று.

இடம்: புள்ளி வழியில் 7, தகுதிச் சுற்றில் 2.

காலம்: புள்ளிக்கு 2024, 2025 உலக சாம்பியன்ஷிப் இரண்டும் சேரும். சுற்று 2025 டிசம்பரில் கனடாவின் கெலோனாவில், சில நாளில் முடிந்தது.

சறுக்கினால்: புள்ளி வழியில் ஒரு வருடம் சொதப்பினாலும் மறு வருடம் ஈடுகட்டலாம். சுற்றில் கல் சொன்னபடி கேட்காவிட்டால் நாலு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

அதற்காகக் கடைசி வாசலை இளக்காரமாக நினைக்காதீர்கள். 2022 பெய்ஜிங் பெண்கள் இறுதியில் மோதிய பிரிட்டன், ஜப்பான் இரண்டுமே 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் லீவார்டன் சுற்றில் தப்பிப் பிழைத்து வந்தவை. பிரிட்டனின் ஈவ் மியூர்ஹெட் அணி 10-3 என்று தங்கம் தட்டியது. (உலக சாம்பியன்ஷிப்பில் இவர்கள் ஸ்காட்லாந்து; ஒலிம்பிக்கில் பிரிட்டன்.)

வருடா வருடம் நிதானமாக ஆடும் அணிக்குப் புள்ளி வழி. தாமதமாகச் சூடுபிடிக்கும் அணிக்கு, புதிதாகச் சேர்ந்த அணிக்கு டிசம்பர் சுற்று. என் ஓட்டு புள்ளிக்கு. பார்க்கச் சுவாரசியம் என்னவோ சுற்றில்தான்.