காத்தாடியைப் படம் எடுக்க அனுமதி: ஐந்துக்கு மூன்றரை

புரோட்டாக் கடைக்கு ஸ்டார் போடுகிறோம், செல்போன் கடைக்குப் போடுகிறோம், ஓர் அனுமதிக் கடிதத்துக்குப் போட்டால் என்ன என்று தோன்றியது, போடுகிறேன். பணகுடிக்கும் ராதாபுரத்துக்கும் நடுவே ஒரு தனியார் காற்றாலை நிறுவனம் (பெயர் வேண்டாம், அந்தப் பக்கம் நிறைய இருக்கிறது) தன் வேலிக்குள் என்னைக் கேமராவோடு விட்டது. நான் கேட்டது ஆனியில். விட்டது மார்கழியில்.

எனக்கு வேண்டியது பழைய காத்தாடிகள் (காற்றாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). இப்போது நடுகிற வெள்ளைக் குழாய் இல்லை. மின்சார டவர் போல இரும்புச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, உச்சியில் ஒரு பெட்டியும் மூன்று இறக்கையும் வைத்தது. தொண்ணூறுகளில், காற்றாலையில் போட்ட பணம் முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று சலுகை இருந்ததால் எங்கெங்கோ இருந்து நூல் மில்காரர்கள் எல்லாம் வந்து நட்டுவிட்டுப் போனவை. ஒவ்வொன்றும் 225, 250 கிலோவாட்தான். இன்றைக்கு நடுகிற ஒரே காத்தாடி 2,000 கிலோவாட்டைத் தாண்டுகிறது, அதாவது எட்டுப் பத்தைக் கழற்றிவிட்டு ஒன்றை நட்டால் கணக்கு சரியாகிவிடும். பழசைப் புதுப்பிப்பதற்கென்றே 2024ல் தமிழக அரசு ஒரு கொள்கையும் கொண்டுவந்துவிட்டது. நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இவற்றை எண்ணிக்கொண்டே போய், பணகுடி தாண்டியதும் எண்ணிக்கை தவறி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்த ஆள் நான். கழற்றுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான்.

ரோட்டில் நின்று தூரத்துக் காத்தாடியை எடுப்பதற்கு இத்தனை வருஷத்தில் யாரும் என்னைத் தடுத்ததில்லை. ஆனால் டவரின் காலடி, ஏணி, கன்ட்ரோல் பேனல், மின்மாற்றி இதெல்லாம் வேண்டுமென்றால் உள்ளே போக வேண்டும். போவதற்கு யாரைக் கேட்பது? காத்தாடி ஒரு மில்லுக்குச் சொந்தம், அதைப் பார்த்துக்கொள்வது இன்னொரு கம்பெனி, கரண்ட் போய்ச் சேரும் சப்ஸ்டேஷன் மின்வாரியத்துடையது. டீக்கடையில் கேட்டால் "அது சேட்டு காத்தாடி" என்பார்கள், அந்தச் சேட்டு யார் என்று அவர்களுக்கும் தெரியாது. விடை டவரிலேயே எழுதியிருக்கிறது என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன். சொந்தக்காரர் பெயர், எச்.டி.எஸ்.சி. எண் (உயர் அழுத்த மின் இணைப்பு எண்), சர்வே எண் மூன்றும் காலடியில் பெயின்ட்டில் இருக்கும். அந்த எச்.டி.எஸ்.சி. எண்தான் காத்தாடியின் ஆதார் எண் மாதிரி. அதைக் கடிதத்தில் போட்ட பிறகுதான் அலுவலகத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள்.

முதல் கடிதம் என் தவறு. "தென்மாவட்டத் தொழில் உள்கட்டமைப்பை ஆவணப்படுத்தும் தனிநபர் முயற்சி" என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஒரு பதிலும் இல்லை. நேரில் போனால், "நீங்க டிவியா? இல்லை ஏதாவது அமைப்பா?" என்று கேட்டார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. மேற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோ, கிழக்கே கூடங்குளத்தில் அணு உலை, இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் காத்தாடிக் காடு. 2011லும் 2012லும் அந்த அணு உலையை எதிர்த்து இடிந்தகரைப் போராட்டம் நடந்ததை மறக்காத ஊர் இது, கேமராவோடு திரிகிறவனை "யாருப்பா நீ" என்று கேட்காமல் விடாது. போதாததற்குச் செம்புக் கேபிள் திருட்டு வேறு. கேட்டையும் பூட்டையும் ஒருவன் படம் எடுத்தால் செக்யூரிட்டி என்ன நினைப்பார்?

இன்னொரு தவறு, கேட்ட மாதம். ஆனி, ஆடி என்றால் அவர்களுக்கு அறுவடைக் காலம். தென்மேற்குக் காற்று வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது, வருஷ வருமானத்தில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான். ஓடுகிற மிஷின் பக்கத்தில் வெளியாளை நிறுத்த எந்த சைட் இன்சார்ஜும் சம்மதிக்க மாட்டார், நானாக இருந்தாலும் மாட்டேன்.

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம். "ஐயா, எங்கள் ஊர்ப் பழைய காத்தாடிகளைக் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வீட்டில் மாட்ட ஆசைப்படுகிறேன். விற்க மாட்டேன். ட்ரோன் கிடையாது. ஒரு நாள், காலை 7 முதல் 11 வரை. உடன் வருபவர் யாரும் இல்லை." கீழே மூன்று எச்.டி.எஸ்.சி. எண்கள், ஆதார் நகல். கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டேன். படித்துவிட்டு அங்கிருந்த பெண் அலுவலர் சிரித்தார், "இதை முதல்லயே இப்படி எழுதியிருக்கலாமே சார்" என்றார். அப்புறம் முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி: எனக்கு என்ன ஆனாலும் கம்பெனி பொறுப்பில்லை, ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் இல்லாமல் நுழைய மாட்டேன், ஏணியில் கால் வைக்க மாட்டேன், பணியாளர்களைப் படம் எடுக்க மாட்டேன். கட்டணம் என்று ஒரு பைசா கேட்கவில்லை. இது பெரிய விஷயம், எழுதி வைக்கிறேன். என் செலவு முத்திரைத்தாள், நோட்டரி, பாளையங்கோட்டையிலிருந்து ஆறு முறை பஸ். ஷூ மச்சானுடையது.

அனுமதி நாளன்று ஆறே முக்காலுக்கே கேட்டில் நின்றேன். செக்யூரிட்டி அறுபதை நெருங்கிய அண்ணாச்சி. கடிதத்தை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார், பிறகு ரெஜிஸ்டரில் 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் 'படம்' என்று எழுதினார். முதல் டவர் நன்றாகப் போனது. நாலு காலிலும் துரு ஏறி, போல்ட்டுகளின் தலை மட்டும் புதுப் பெயின்ட்டில் பளபளத்தது. உடைமரத்தடியில் இடம் போதாத ஆடுகள் டவரின் ஒல்லியான நிழலில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் படுத்திருந்தன, நிழல் நகர நகர எழுந்து மறுபடி வரிசையாகப் படுத்தன. அந்த ஒரு படத்துக்காகவே ஆறு மாதம் காத்திருக்கலாம்.

பிறகு மின்மாற்றிப் பக்கம் திரும்பினேன். அண்ணாச்சி கையை நீட்டினார். "அதை எடுக்கக் கூடாதுல்லா."

"ஏன் அண்ணாச்சி?"

"லட்டர்ல காத்தாடின்னுதான் போட்டிருக்கு. பெட்டின்னு போடலியே."

சைட் இன்சார்ஜுக்குப் போன் போட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். பேனல் ரூமும் போச்சு. அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை, எழுதியது நான். உங்களுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: காத்தாடி, மின்மாற்றி, பேனல் அறை, கேபிள் பாதை, பழைய இறக்கை கிடக்கிற இடம். 'மற்றும் அது சார்ந்தவை' என்று எழுதினால் கேட்டில் அதற்கு மதிப்பில்லை. அரை ஸ்டார் குறைத்தது வேறொன்றுக்கு, அனுமதிக் கடிதத்தின் நகலை அலுவலகம் கேட்டுக்கு முன்கூட்டியே அனுப்பவில்லை, முக்கால் மணி நேரக் காலை வெளிச்சம் அங்கேயே போய்விட்டது. இன்னும் ஒரு ஸ்டார் அந்த இரண்டு மாத மௌனத்துக்கு. 'முடியாது' என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூடப் போதும்.

இதே சமயம் ஓர் அரசு அலுவலகத்திலும் ஒரு சப்ஸ்டேஷனை வெளியிலிருந்து எடுக்கக் கேட்டிருந்தேன். அதற்கு ஸ்டார் போட முடியாது, ஏனென்றால் இன்னும் எதுவும் வரவில்லை. தபால் பிரிவில் எண் வாங்கினேன், அந்த எண்ணைச் சொன்னால் "மேலே போயிருக்கு" என்கிறார்கள், மேலே போனால் "கீழேதான் இருக்கும்". தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்தான், ஆனால் வீட்டுச் சுவருக்கு ஒரு படம் கேட்டவன் அந்த அளவுக்குப் போனால் அடுத்த தடவை வாசலிலேயே முகம் மாறும். பொங்கல் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன்.

கேட்காமலே சிலர் சொல்கிறார்கள், "ட்ரோன் விட்டால் போச்சு". இந்தப் பக்கம் வேண்டாம் சாமி. 2021 ட்ரோன் விதிகளின்படி எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று பச்சை, மஞ்சள், சிவப்பாக வரைபடமே இருக்கிறது, பறக்க விடுவதற்கு முன் அதைப் பாருங்கள். அணுமின் நிலையத்துப் பக்கமோ மகேந்திரகிரிப் பக்கமோ லென்ஸைத் திருப்பும் யோசனையே வேண்டாம்; 1923ஆம் வருஷத்து அலுவலக ரகசியச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது, தடை செய்யப்பட்ட இடத்தின் வரைபடம் என்று அது சொல்வதில் போட்டோவும் சேரும்.

பதினோரு மணிக்குக் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பதினெட்டு வருஷமாக இந்தக் காத்தாடிகளுக்குக் காவல், ஒரு படம்கூட இவற்றோடு எடுத்ததில்லையாம். பணியாளர்களை எடுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததை அவரிடமே காட்டினேன். அவரும் அந்த வரியைப் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார், யூனிபார்ம் சட்டைக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டார், கேட்டைத் திறந்து வெளியே வந்து பஞ்சாயத்து ரோட்டில் நின்றுகொண்டார். பின்னால் மூன்று காத்தாடியும் தெரிந்தன.

"இப்பம் லட்டர் வேண்டாம்லா?" என்றார்.