ஜோட்டேரோவும் தொல்லியல் ஆய்வேடும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஜோட்டேரோ, நூல்களின் விவரங்களைச் சேமித்து மேற்கோளும் நூற்பட்டியலும் தயாரிக்கும் மென்பொருள். தொல்லியலில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் ‘ஜோட்டேரோ போதுமா?’ என்று கேட்டால், நூற்பட்டியலுக்குப் போதும், மேற்கோளுக்குப் போதாது என்பேன். முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த காலத்திலிருந்து இதைத்தான் பயன்படுத்துகிறேன். வேறு மென்பொருளுக்கு மாறும் எண்ணம் இல்லை.

நல்ல விஷயங்கள் பலருக்கும் தெரிந்தவைதான். 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. வேர்டில் மேற்கோள் செருகுவதும், ஓர் ஆய்விதழின் பாணியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் நொடி வேலை. 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து பிடிஎஃப்பை உள்ளேயே படித்துக் குறிப்பெடுக்கலாம். இலவச இணையச் சேமிப்பு 300 எம்பிதான். ஸ்கேன் செய்த கல்வெட்டுத் தொகுதிகள் சிலவற்றை ஏற்றினாலே நிறைந்துவிடும். கோப்புகளைச் சொந்த டிஸ்கில் வைத்து, இணைப்பை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

தானாக நிரம்பும் விவரங்களை அப்படியே நம்ப முடியாது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டையே எடுத்துக்கொள்வோம். மார்ட்டிமர் வீலர் தலைமையில் அகழாய்வு 1945-இல் நடந்தது, அறிக்கை 1946-இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இரண்டாம் இதழில் வந்தது. எல்லோரும் ‘வீலர் 1946’ என்று போட்டுவிட்டுப் போகிறார்கள், கட்டுரையில் அ. கோஷ், கிருஷ்ண தேவா பெயர்களும் இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் ஆண்டு மதிப்பாய்வுகளில் குழப்பம் வேறு மாதிரி. தலைப்பில் உள்ள ஆண்டு களப்பணி நடந்த ஆண்டு. நூல் அச்சானது பல வருடம் கழித்து இருக்கலாம். நான் அச்சான ஆண்டை ஆண்டுப் பெட்டியிலும் களப்பணி ஆண்டைத் தலைப்பிலும் வைக்கிறேன்.

பெரிய வேலை கல்வெட்டில்தான். ஜோட்டேரோவில் புத்தகம், வரைபடம், பாட்காஸ்ட் எல்லாவற்றுக்கும் தனி வகை உண்டு, கல்வெட்டுக்குக் கிடையாது. ஒவ்வொரு கல்வெட்டையும் தனிப் பதிவாக ஏற்றினால் நூற்பட்டியல் வீங்கிவிடும். ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதி ஒவ்வொன்றையும் ஒரே புத்தகப் பதிவாக வைத்துக்கொண்டு, கல்வெட்டு எண்ணை, மேற்கோள் செருகும்போது வரும் பின்னொட்டுப் பெட்டியில் தட்டச்சு செய்வதே எனக்குச் சரிப்பட்டது. பக்க எண் மட்டும் கொடுப்பது கல்வெட்டுக்காரர்களிடம் எடுபடாது. எண்ணைத்தான் தேடுவார்கள்.

அதே கல்வெட்டுக்கு, இந்தியத் தொல்லியல் துறை வெளியிடும் கல்வெட்டு ஆண்டறிக்கையின் எண்ணும் இருக்கும். கிடைத்தால் இரண்டையும் கொடுங்கள். ஆண்டறிக்கையில் இருப்பது பெரும்பாலும் சுருக்கம்தான், முழுப்பாடம் அல்ல. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தொகுதி எண்ணைப் போட்டால், படிக்காத பாடத்தைப் படித்ததாகச் சொல்வதாகிவிடும். எந்த மென்பொருளும் இதைக் கண்டுபிடித்துச் சொல்லாது; வாய்மொழித் தேர்வில் யாராவது கண்டுபிடிப்பார்கள்.

கரிமக் காலக்கணிப்புகளை ஜோட்டேரோவுக்குள் வைப்பதையே விட்டுவிட்டேன். கீழடிக்கு ‘கி.மு. 580’ என்று எழுதி, செய்தித்தாளை மேற்கோள் காட்டும் கட்டுரைகள் இன்னமும் வருகின்றன. மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் அது 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியின் கணிப்பு. மொத்த இடத்தின் வயதாக அதை எழுதக்கூடாது. மாதிரியின் ஆய்வக எண், 1950-லிருந்து பின்னோக்கி எண்ணும் அளவீடு, அதன் பிழை எல்லை, அதை நாட்காட்டி ஆண்டாக மாற்ற எந்த அளவுத்திருத்த வளைவு பயன்பட்டது, இவ்வளவும் வேண்டும். வளைவு 2020-இல் புதுப்பிக்கப்பட்டதால் பழைய கணிப்புகளை மறுபடி கணக்கிடும்போது விடை சற்று நகரலாம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘டிஎஃப்’ ஆய்வக எண் கொண்ட பழைய மாதிரிகளுக்கு இது கட்டாயம் தேவை. எல்லாவற்றையும் எக்செல் தாளில் வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் மூல வெளியீட்டின் சுருக்கப் பெயரை எழுதிவிடுகிறேன். அலுப்பான வேலைதான், ஆனால் பிறகு தேடி அலைய வேண்டியதில்லை.

அப்புறம், தமிழ்ப் பெயர்கள். இரண்டு பெட்டிகளில் பிரித்து ஏற்றினால், பல பாணிகளில் ‘நாகசாமி, இரா.’ என்று திருப்பிப் போடும். ஆங்கில ஆய்விதழுக்கு அது சரி, தமிழ்க் கட்டுரையில் கண்ணை உறுத்தும். ஒற்றைப் பெட்டிக்கு மாற்றினால் ‘இரா. நாகசாமி’ என்றே நிற்கும், ஆனால் அகரவரிசையில் ‘நா’வுக்குப் பதில் ‘இ’ வரிசையில் போய் உட்காரும். நான் தமிழ் நூல்களைத் தனிச் சேகரிப்பாக வைத்து, பெயரை ஒற்றைப் பெட்டியில் ஏற்றி, கடைசி வரைவில் வரிசையைக் கையால் சரிசெய்கிறேன். அதைச் செய்யும் முன் வேர்ட் கோப்பின் மேற்கோள் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது திருத்தமெல்லாம் பழையபடி ஆகிவிடும். துண்டிப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைப்பது அவசியம், திரும்ப இணைக்க வழியில்லை.